வாசலைத் தாண்டிப் போன மோட்டார்கள்

என் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டுப்பண்ணை இருக்கிறது. நாற்பது பெட்டை, இரண்டு கிடா. ஏழு வருஷமாக அதே ஆடுகள்தான், ஒன்றும் சாகவுமில்லை, ஒன்றும் குட்டி போடவுமில்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே உள்ள ஐ.டி.ஐ.யில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் ‘தொழில்முனைவு’ பாடத்துக்கு ஆளுக்கொரு திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். மாசி பிறந்துவிட்டால் கடை முன்னால் வரிசை நிற்கும். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பேன். ஃபிட்டர் படிக்கிறவனும் ஆடு, வெல்டர் படிக்கிறவனும் ஆடு. கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் காளான் வளர்ப்பு. அத்தனை ஆடும் நிஜமாக இருந்திருந்தால் மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை ஒரு பச்சை இலை மிஞ்சியிருக்காது. பாடம் நடத்துகிற புவனேஷ் சாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். சோற்றுக்கு வழி பார்க்கிறோம் இரண்டு பேரும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அந்த வரிசையில் காளீஸ்வரி வந்து நின்றாள். என் பக்கத்து வீட்டுக்காரி, முப்பத்தெட்டு வயசு. பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் சேர வயசு உச்சவரம்பு கிடையாது என்று என் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாசித்துவிட்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தவள். சேர்ந்த அன்று தெருவே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன், மறைப்பானேன். நீல பேன்ட், சட்டை சீருடையில் அவள் நடந்து போகிறதைப் பார்க்க முதல் ஒரு மாதம் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது.

“ஒனக்கு ஆடா, காளானா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் வேண்டாம்க்கா. நானே எழுதியாந்திருக்கேன். அப்படியே அடிச்சுத் தாங்க” என்று பன்னிரண்டு தாளை நீட்டினாள்.

மோட்டார் காயில் கட்டுகிற கடை. போர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் இறங்கிக் கிடக்கும் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுக்கம்பி கோக்க வேண்டும், அந்தத் தொழில். குற்றாலத்தில் எத்தனை லாட்ஜ், எத்தனை போர், சீசன் நேரத்தில் மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஏறி இறங்கி விசாரித்து எழுதியிருந்தாள். சுரண்டை வரைக்கும் தோட்டக் கிணறுகளைக் கணக்கெடுத்திருந்தாள். ‘உங்கள் வாடிக்கையாளர் யார்?’ என்ற கட்டத்தில் ‘லாட்ஜ்காரர்கள், விவசாயிகள்’ என்று இருந்தது. நான் அதையும் அப்படியே அடித்தேன். அந்த ஒரு வரிதான் பின்னால் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

இதிலே ஒரு விசேஷம் இருக்கிறது. அவள் புருஷன் சுடலைமுத்துவுக்குத் தொழிலே மோட்டார் தூக்குவதுதான். மூன்று நீளக் குழாய்களைக் கூட்டி முக்காலியாக நட்டு, எடை தூக்குகிற செயின் பிளாக்கை அதில் மாட்டி, இருநூறு அடி ஆழத்திலிருந்து பைப் பைப்பாகக் கழற்றி மோட்டாரை வெளியே எடுப்பான். எடுத்த மோட்டாரை டெம்போவில் ஏற்றித் தென்காசியில் பேச்சிராஜ் அண்ணாச்சி கடையில் இறக்குவான். இருபது வருஷமாக அங்கேதான் இறக்குகிறான். புருஷன் தூக்கிவர, பெண்டாட்டி காயில் கட்ட, இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், சுடலைமுத்துவைத் தவிர.

பங்குனியில் ஐ.டி.ஐ.யில் ‘தொழில்முனைவோர் தினம்’ கொண்டாடினார்கள். பேனர் அடித்துக் கொடுத்தவள் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலியும் கேசரியும் கிடைத்தன. சிறப்பு விருந்தினர் யாரென்று நினைக்கிறீர்கள், பேச்சிராஜ் அண்ணாச்சி. எட்டாவதோடு படிப்பை விட்டு, கடை துடைக்கிற வேலையில் ஆரம்பித்து, இன்றைக்குப் பதினாறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். நல்ல மனுஷன், வெள்ளை வேட்டி, சத்தமில்லாத பேச்சு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் ஆடுகளைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். காளீஸ்வரி மேடையேறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் சொல்லி முடித்தாள். அவர் மைக்கை வாங்கினார்.

“சுடல வீட்டுக்காரிதான நீ? ரொம்ப சந்தோசம் தாயி. நல்லா எழுதிருக்க. ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். புதுசாப் படிச்ச ஆளுக மோட்டாரத் தொறந்ததும் என்ன செய்யும் தெரியுமா? எரிஞ்ச கம்பிய வெட்டிப் போட்டுரும். பொறவு எத்தன சுத்து இருந்துச்சின்னு தெரியாம முழிக்கும்.”

“நான் எண்ணிட்டுத்தான் வெட்டுவேன் அண்ணாச்சி.”

“சரி. அப்பம் அடுத்தது. ஒங் கடைக்கு மோட்டார் யாரு கொண்டு வருவா?”

அரங்கம் சிரித்தது. ஏன் சிரித்தது என்று புவனேஷ் சாருக்கு விளங்கவில்லை. அவர் மதுரைப் பக்கம், எம்.பி.ஏ. படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கு வந்த பிள்ளை. சிரித்தவர்களுக்கு விளங்கியது. சுடலைமுத்து யாருடைய ஆள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“கோவிச்சுக்காத. எங்கடையில வந்து காயில் கட்டு. ஒரு மூலையில இடம் போட்டுத் தாரேன். வெயில்ல அலைய வேண்டாம், கடைவாடகை, கரண்டு எந்தக் கவலையும் கிடையாது. என்ன சொல்லுத?”

“நீங்க கட துடைக்க வந்த அன்னைக்கு ஒங்க மொதலாளி இதச் சொல்லிருந்தா, இன்னைக்கு இந்த நாற்காலியில யாரு அண்ணாச்சி இருப்பா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் லேசாகச் சிரித்து மைக்கைக் கீழே வைத்தார். நான் கேசரியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உடை மாற்றிக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். அவள் கூட்டாஞ்சோறு வைத்திருந்தாள். முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் வெந்த வாசனை என் வீடுவரை வந்தது. எனக்கென்று கிண்ணத்தில் கொண்டு வருவாள் என்று காத்திருந்தேன், வரவில்லை. நானே போனேன். சுடலைமுத்து தட்டில் கைவைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

“வாங்கக்கா, நீங்களே கேளுங்க. அத்தன பேரு முன்னால அண்ணாச்சிய எடுத்தெறிஞ்சு பேசிட்டு வந்திருக்கா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நாளைக்கு அங்கன போயி நிக்க?”

“நான் எங்க எடுத்தெறிஞ்சேன்? கேட்டாவ, பதில் சொன்னேன்.”

“ஏட்டி, கெணத்துக்குள்ள விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கெடந்தேம்லா, மூணு மாசம் இந்த வீட்டுக்கு அரிசி பருப்பு யாரு அனுப்புனா? ஒங்க அண்ணன் அனுப்புனானா?”

“அண்ணாச்சிதான் அனுப்புனாவ. நான் இல்லங்கல. அதுக்காகத்தான இருவது வருசமா ஒரு மோட்டார் விடாமக் கொண்டு போயி இறக்குதீங்க. இன்னும் எத்தன மோட்டார் இறக்குனா அந்த அரிசி செமிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க.”

“அண்ணாச்சி வேல தாரேங்காவ. போயிச் செய்யேன். என்ன கொறஞ்சு போச்சு?”

“ரெண்டு வருசம் ராப்பகலாப் படிச்சது அவுக மூலையில ஒக்காரவா? நம்ம முன்ரூமுல கட போடுதேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு மோட்டார் இங்கன இறக்குங்க, போதும்.”

“அது முடியாது.”

“முடியாதா?”

“முடியாது காளி. எங் கையால அண்ணாச்சிக்கு அதச் செய்ய மாட்டேன்.”

அவள் ஒரு தட்டில் சோறு போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, “அப்பளம் பொரிக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். நன்றி கெட்டவனாக இருக்க மாட்டேன் என்கிறவனை என்னவென்று திட்டுவது?

சித்திரையில் கடை திறந்தாள். போர்டு நான்தான் டிசைன் செய்து கொடுத்தேன். ‘காளீஸ்வரி மோட்டார் காயில் கட்டுமிடம்’. கூடவே படித்த முத்துசெல்வியும் மாஜிதாவும் வகுப்பு விட்டதும் வந்து உட்கார்ந்தார்கள். முத்துசெல்விக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி வேலை காத்திருந்தது, ஆடி முடிந்ததும் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். மாஜிதா கணக்கில் புலி. மூன்று பேரும் அருவாமனைக்குப் பக்கத்தில் கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு, பழைய மோட்டார் ஒன்றைக் கழற்றுவதும் கட்டுவதுமாக இருந்தார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாருக்கு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதை மெஷினில் சுற்ற முடியாது. ஒவ்வொரு சுற்றையும் மோட்டாரின் உள்சுவரில் வெட்டியிருக்கும் காடிக்குள் கையால் இழுத்து இழுத்துத்தான் கோக்க வேண்டும். ஒரு மோட்டார் முடிவதற்குள் விரல் நுனியெல்லாம் சிவந்துபோகும்.

நாற்பது நாள். வந்தது இரண்டு மின்விசிறி, ஒரு மிக்ஸி. அந்த மிக்ஸியும் என்னுடையது.

மோட்டார்கள் வராமல் இல்லை, வந்துகொண்டேதான் இருந்தன. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில்தான் எங்கள் வீடுகள், சற்றுத் தள்ளி என் கடையும். நாளுக்கு இரண்டு முறை, மூன்று முறை சுடலைமுத்துவின் டெம்போ அவள் வாசலைத் தாண்டிப் போகும். பின்னால் எரிந்த மோட்டார் படுத்திருக்கும். சுடலைமுத்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டு போவான், போர்டு பக்கம் திரும்பக்கூட மாட்டான். இவள் வாசலில் நின்று டெம்போ வளைவு திரும்புகிற வரைக்கும் பார்ப்பாள். அதைக் காணச் சகிக்காமல் நான் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். மத்தியானம் அவனுக்குச் சோறு போடுவதில் மட்டும் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் புவனேஷ் சார் கள ஆய்வு என்று ஒரு ஃபாரத்தோடு வந்தார். மாணவர் தொடங்கிய தொழில்கள் எத்தனை என்று மேலே கேட்டிருக்கிறார்களாம். மொத்த ஐ.டி.ஐ.க்கும் இவள் ஒருத்திதான்.

“கடை எப்படிப் போகுதுக்கா?”

“போகல சார். அறிக்கையில ஒரு வரி தப்பா எழுதிட்டேன். வாடிக்கையாளர் யாருன்னு கேட்டிருந்தீங்கள்லா, அதுல.”

“லாட்ஜ், விவசாயிகள். சரியாத்தானே இருக்கு?”

“லாட்ஜ்காரனுக்கு மோட்டார் எந்தக் கடைக்குப் போவுதுன்னே தெரியாது சார். எரிஞ்சா தூக்குதவருக்கு போன் போடுவான். எந்தக் கடையில இறக்கணும்னு தூக்குத ஆளுதான் முடிவு பண்ணுவாரு. இந்த ஏரியா பூரா அப்படித்தான். அப்பம் வாடிக்கையாளர் யாரு?”

அந்த நேரம் பார்த்து டெம்போ வந்தது. அவள் கையை நீட்டினாள்.

“அந்தா போறாரு.”

புவனேஷ் சார் டெம்போவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதா?” என்று மெல்லக் கேட்டார்.

“இருவது வருசமா அவருக்குச் சோறு கொண்டு போறேன், தெரியாம எப்படி இருக்கும்? அத எழுதுனா எம் புருசன் பேரையில்லா எழுதணும். எனக்குக் கை வரல. அவரு மனசு மாறிரும்னு நெனச்சேன். மனசு மாறும்னு நெனச்சு யாராவது கட வைப்பாங்களா சார்? அதுதான் தப்பு.”

அவர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏழு வருஷத்தில் பார்க்காத ஒன்றை அன்றைக்குப் பார்த்தேன், பாடம் நடத்துகிறவர் தரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். “அப்போ தூக்குற வேலையும் நம்மளே செஞ்சா?” என்று அவர்தான் கேட்டார். மாஜிதா உடனே காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். காளீஸ்வரி கம்பியைக் கோத்துக்கொண்டே, “அதத்தான் நாலு நாளா யோசிக்குதேன்” என்றாள்.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் அள்ளியது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த தள்ளுவண்டிகள், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எண்ணெய் மினுங்க நடக்கிற ஆண்கள், வெளியூர்க் கார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் மோட்டார் எரிந்துபோனது. நாற்பது அறை, அத்தனையும் நிறைந்திருக்கிறது. அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, பாத்ரூமில் சொட்டு இல்லை. மேனேஜர் போன் போட்டது சுடலைமுத்துவுக்கு. அவன் அண்ணாச்சிக்குப் போட்டான். அண்ணாச்சி கடையில் ஒன்பது மோட்டார் வரிசையில் கிடந்தது, செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார். சுடலைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இதையெல்லாம் காளீஸ்வரி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் டெம்போ ஏறிய அரை மணி நேரத்தில் ஐ.டி.ஐ. முக்காலியும் செயின் பிளாக்கும் ஒரு லோடு ஆட்டோவில் ஏறின. புவனேஷ் சார் ஒர்க்ஷாப் பதிவேட்டில் ‘தொழில்முனைவுச் செய்முறை வகுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரின்சிபால் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “பாடம் நடத்துறேன்னு சொல்வேன். முதல் தடவையா” என்றார். கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். இதைப் பார்க்காமல் ஜெராக்ஸ் எடுத்து என்னத்தைச் சாதிக்கப் போகிறேன்?

லாட்ஜின் பின்பக்கம், சாரலில் மேனேஜர் குடை பிடித்து நின்றார். சுடலைமுத்துவின் ஆட்கள் இரண்டு பேர் அப்போதுதான் முக்காலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து தலைக்குச் சோப்புப் போட்ட ஆட்கள் எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

காளீஸ்வரி நேரே மேனேஜரிடம் போனாள். “சார், ஒங்களுக்கு செவ்வாக்கெழம மோட்டார் வேணுமா, நாளைக்குச் சாயங்காலம் வேணுமா?”

“நாளைக்கா? யாரு தருவா?”

“நான் தருவேன்.”

சுடலைமுத்து ஓடி வந்தான். “ஏட்டி, என்ன இது? வீட்டுக்குப் போ. சார், அவ சொல்லுதத விடுங்க, மோட்டார் அண்ணாச்சி கடைக்குத்தான் போவும். நான் தூக்குன மோட்டார் வேற எங்கயும் எறங்காது.”

“நீங்க தூக்குனாத்தான?” என்றாள் அவள். “நாங்க தூக்கிக்கிடுதோம். சார், ஒங்க மோட்டார், நீங்க சொல்லுங்க.”

மேலேயிருந்து ஒருவர், தண்ணி வருமா வராதா, பணத்தைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டார். மேனேஜர் குடையை மடக்கினார். “நாளைக்கு வராட்டி?” என்று கேட்டார்.

“வராட்டி செவ்வாக்கெழம அண்ணாச்சி தருவாவள்லா. ஒங்களுக்கு என்ன நட்டம்?”

“தூக்குங்கம்மா” என்றார் மேனேஜர்.

முத்துசெல்வி முக்காலியை நட்டாள். மாஜிதா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு செயினைப் பிடித்தாள். முதல் பைப் வந்தது. கீழே கிளாம்ப் போட்டுப் பிடித்து, மேலே உள்ளதை ரெஞ்சு வைத்துத் திருகிக் கழற்றினார்கள். இரண்டாவதும் வந்தது. சுடலைமுத்துவின் ஆட்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது பைப்பில் சாரல் ஈரத்தில் கிளாம்ப் ஒரு விரல் அளவு வழுக்கியது. பைப் இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. இருநூறு அடிக் குழிக்குள் மோட்டார் விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது, லாட்ஜ், கடை, இவள் பெயர் எல்லாம். சுடலைமுத்து பாய்ந்து வந்து பைப்பைக் கட்டிப் பிடித்தான்.

அந்த நொடியில் மாஜிதா செயினை இழுத்துப் பூட்டிவிட்டாள். பைப் நின்றது. காளீஸ்வரி கிளாம்பைத் தளர்த்தி, சாக்குத்துணியால் பைப்பைத் துடைத்து, மறுபடி முறுக்கினாள். முறுக்கிவிட்டு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். முகமெல்லாம் மழைத்தண்ணீர்.

“கூலிக்கு வந்தாப் பிடிங்க. புருசனா வந்தாத் தள்ளி நில்லுங்க.”

அவன் கையை எடுக்கவில்லை. அவன் போன் சட்டைப்பையில் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில், “கிளாம்ப இன்னும் ஒரு சாண் கீழ போடணும். ஈரத்துல அங்கன நிக்காது” என்றான்.

“கூலிக்குத்தான?”

“கூலிக்குத்தாம்ட்டி. போடு.”

பத்துப் பைப்பும் வெளியே வந்து மோட்டார் தரையில் படுத்தபோது மணி பதினொன்று. ஆட்கள் மோட்டாரை டெம்போவில் ஏற்றினார்கள். எனக்கு அழுகை வந்தது, சாரலில் யாருக்கும் தெரியவில்லை. இடத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று காளீஸ்வரியும் பிள்ளைகளும் நானும் லோடு ஆட்டோவில் முன்னால் வந்துவிட்டோம்.

வாசலில் நின்றோம். டெம்போ வந்தது. வந்தது, எங்களைத் தாண்டியது, அதே வேகத்தில் தென்காசியைப் பார்த்துப் போனது. டிரைவர் நேரே பார்த்துக்கொண்டு போனான், சுடலைமுத்துவும் அப்படியே. நான் வாயில் வந்த வசையெல்லாம் சொல்லிவிட்டேன், எதையும் இங்கே எழுத முடியாது. முத்துசெல்வி படியில் உட்கார்ந்துவிட்டாள். காளீஸ்வரி மட்டும் அசையாமல் நின்றாள்.

வளைவுக்குப் பக்கத்தில் டெம்போ நின்றது. சுடலைமுத்து கதவை வெளிப்பக்கமாகத் தட்டுகிற சத்தம் இங்கே கேட்டது.

“ஏலே, எங்கலே போற? எறக்க வேண்டிய இடம் தாண்டிட்டு. பின்னால எடு.”

இருபது வருஷப் பழக்கம், டிரைவரையும் குறை சொல்ல முடியாது. டெம்போ ரிவர்ஸிலேயே வந்தது. எதிரே வந்த செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது, ஸ்கூட்டர்காரர்கள் திட்டினார்கள். சுடலைமுத்து இறங்கி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் நீட்டி அத்தனை வண்டியையும் நிறுத்தி வைத்தான். டெம்போவின் பின்கதவு சரியாக அவள் வாசல்படிக்கு நேராக வந்து நின்றது.

மத்தியானத்துக்கு மேல் அண்ணாச்சியிடமிருந்து மறுபடி போன். இவள் மோட்டாரைத் திறந்து எரிந்த கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பியை முதல் காடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்காமல் நின்றான். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஸ்பீக்கர்ல போட்டு இப்படி வைங்க” என்றாள் அவள், கம்பியை விடாமல்.

வைத்தான்.

“அண்ணாச்சி, காளீஸ்வரி பேசுதேன். மோட்டார் யாரு கொண்டு வருவான்னு மேடையில கேட்டீங்கள்லா. வந்திட்டு. நாந்தான் தூக்குனேன், அவுக கூலிக்கு நின்னாவ. அவுகளக் கோவிக்காதீங்க.”

அந்தப் பக்கம் கடையில் சுத்தியல் தட்டுகிற ஓசை கேட்டது. பிறகு அண்ணாச்சி கேட்டார்.

“கம்பிய வெட்டிட்டியா?”

“எண்ணி எழுதி வச்சிட்டு வெட்டிட்டேன்.”

“ம்.”

“நாளைக்கு நாலு மணிக்கு லாட்ஜுத் தொட்டியில தண்ணி விழும். வந்து பாருங்க அண்ணாச்சி. ஒங்க கடையில ஒம்பது மோட்டார் கெடக்காம்லா. முடியலன்னா ரெண்டு இங்கன அனுப்பி வைங்க, கட்டித் தாரேன். எங்கடையில வச்சு.”